மூன்று குளிர் அறைகள்

கடன் கிடைத்துவிட்டது என்று வங்கியிலிருந்து போன் வந்தபோது நான் ஒரு தக்காளிக் கூடைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். ஒரு பழம் அழுகினால் போதும், கூடையையே நாறடித்துவிடும். அதைத் தேடிப் பிடித்து எறிவதும் என் வேலைகளில் ஒன்று.

"அம்மா, சாங்ஷன் ஆயிடுச்சு. ரெண்டு ரூமுக்கும் சேத்தே குடுத்துட்டாங்க" என்றார் லோன் சார்.

லோன் சாருக்கு என்னைவிட வயது குறைவு. ஆனாலும் வங்கிக்கு வருகிற பெண்கள் எல்லோரும் அவருக்கு அம்மாதான். பதினொரு மாதமாக அவர் மேஜைக்கு முன்னால் செருப்புத் தேய நடந்தவள் நான். அந்த நாற்காலியின் எந்தக் கால் ஆடும் என்பதுகூட எனக்குத் தெரியும். கூடையிலிருந்து தலையை எடுத்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டேன். அவர் வரப்போகிறார். அது ஒன்றுதான் மனசில் ஓடியது.

அவர் என்றால் என் வீட்டுக்காரர். அவரைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். காய்கறிச் சந்தைக்குப் பின்பக்கம், லாரி திரும்புகிற இடத்தை ஒட்டி, ஒரு குளிர் அறை வைத்திருக்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி. கூரைமேல் சோலார் தகடுகள். பகலெல்லாம் வெயிலில் கம்ப்ரஸர் ஓடும், உள்ளே சுவரோரம் நிற்கும் தண்ணீர்த் தொட்டிகள் சாயங்காலத்துக்குள் ஐஸாக உறைந்துவிடும். வெயில் இறங்கின பிறகு அந்த ஐஸ்தான் விடியும்வரை அறையைக் காக்கும். பேட்டரி கிடையாது. டீசல் கிடையாது, அதனால் புகையும் கிடையாது. விற்காமல் மிஞ்சின காயை வியாபாரிகள் கூடைக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து வைத்துவிட்டுப் போவார்கள். முன்பெல்லாம் சாயங்காலமானால் கால் விலைக்குத் தள்ளிவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள். இப்போது என் அறையில் இடம் கிடைக்காமல் நாற்பது பேர் காத்திருக்கிறார்கள். அதில் பாதிப் பேர் தினமும் என்னைத் திட்டுகிறார்கள்.

அறையைக் கட்டியது நான். கட்டச் சொல்லிக்கொடுத்தது அவர், வெளிநாட்டிலிருந்து, போனில். அவர் ஏசி மெக்கானிக். அங்கே நாற்பது மாடிக் கட்டடம் ஒன்றின் பாதாளத்தில், ராட்சச மிஷின்களோடு கிடக்கிறார். அந்த நாற்பது மாடிக்கும் குளிர்ந்த காற்றை அனுப்புவது அவர் வேலை. நான் ஏணிமேல் நின்றுகொண்டு போனைக் காட்டுவேன். "இடது பக்கம் திருப்பு" என்பார். "யாரோட இடது?" என்று எரிந்து விழுவேன். "உன் இடதுதான். நான் உன்னத்தானே பாத்துட்டிருக்கேன்" என்பார். சந்தையில் அவருக்குப் போன் மேஸ்திரி என்று பெயர். அவரை நேரில் பார்த்தவர்கள் அங்கே யாரும் இல்லை.

போய் ஏழு வருஷம் ஆகிறது. நடுவில் இரண்டு தடவை வந்தார், தடவைக்கு முப்பது நாள். முதல் பத்து நாள் அவர் விருந்தாளி. துண்டு எங்கே இருக்கிறது, சோப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பார். கடைசிப் பத்து நாள் பெட்டி கட்டுகிறவர். நடுவில் வருகிற பத்து நாள்தான் என் வீட்டுக்காரர். வாசலில் குறுக்கே செருப்பை விட்டேன் என்று கத்துவார், நானும் திருப்பிக் கத்துவேன், எங்கள் பெண் பாப்பா நடுவில் உட்கார்ந்து சிரிப்பாள். அப்படிப் பார்த்தால் ஏழு வருஷத்தில் அவர் எனக்குக் கிடைத்தது இருபது நாள்.

எனக்கு அவர் வேண்டும். இதை நான் யாரிடமும் இப்படிச் சொன்னதில்லை. கேட்டால் "பழகிடுச்சு" என்பேன். பழகவில்லை. கதவைத் தாழ்ப்பாள் போடும்போதெல்லாம் ஒரு ஆள் வெளியே நிற்கிற மாதிரியே இருக்கும்.

எங்கள் திட்டம் சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும். ஒரு அறையில் வருவது சாப்பாட்டுக்கும் பாப்பாவின் படிப்புக்கும் இழுத்துப் பிடித்தால் சரியாக இருக்கும். இரண்டாவது அறை வந்தால் அவர் அனுப்புகிற பணத்துக்கு ஈடாகிவிடும். மூன்றாவது, கடன் தவணைக்கும் கம்ப்ரஸர் படுத்துக்கொள்ளும் நாளுக்கும். "மூணு ரூம் ஆகட்டும். அன்னிக்கே டிக்கெட் போடறேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அவர் வாயால் சொன்னால் சொன்னதுதான்.

மூன்று ஆக இன்னும் இரண்டு அறை, அதற்குக் கடன் வேண்டும். வங்கிச் சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். பச்சை இலை, மஞ்சள் சூரியன், கையில் சோலார் விளக்கோடு ஒரு பெண். சிறு தொழில்களுக்குப் பசுமைக் கடன், எங்கேயோ பெரிய இடத்திலிருந்து வருகிற நிதியாம். அந்தப் பெண்ணின் சிரிப்பைப் பார்த்தால் அவளுக்குக் கடன் கிடைத்துவிட்டது போல இருந்தது. எனக்கு அடமானம் வைக்க ஒன்றும் இல்லை. அறை நிற்கிற இடமும் கூரையும் சந்தை நிர்வாகத்தின் சொத்து. வீடு வாடகை.

"ரூமைக் கழட்டி எடுத்துட்டுப் போயிட்டா நாங்க என்னம்மா பண்றது? கமிட்டில கேப்பாங்க" என்றார் லோன் சார்.

"கழட்டினா அது ரூம் இல்ல சார். வெறும் தகரம். அத வச்சு நான் மட்டும் என்ன பண்ணப்போறேன்?"

அடுத்த மாதம் கமிட்டி வேறொரு கேள்வியை அனுப்பியது. மழை மாதங்களில் வெயில் இல்லாவிட்டால் தவணையை எப்படிக் கட்டுவார்கள்? எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "மழைய நம்பி விதைக்கறவங்களுக்குக் கடன் குடுக்கறீங்க இல்ல? வெயில நம்பினா மட்டும் ஆகாதா?" என்று கேட்டேன். லோன் சார் சிரித்துவிட்டார். "நல்லாத்தான் கேக்கறீங்க. ஆனா இத எழுத ஃபாரத்துல இடம் இல்லையே" என்றார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆய்வுக்கு வந்தார். பத்து நிமிஷ வேலைக்கு வந்த மனுஷர் முக்கால் மணி நேரம் உள்ளேயே இருந்தார். வெளியே கொளுத்துகிற வெயில் ஒரு காரணம். ஆனால் ஒவ்வொரு கூடையாகத் தொட்டுப் பார்த்தார், யாருடையது, எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தொட்டியில் ஐஸ் கட்டுவதைப் பார்த்துவிட்டு, "இத யாரும்மா யோசிச்சது?" என்றார். சொன்னேன். "அவர் இங்க இருந்தா இந்த ஊர்ல இருக்கிற அத்தன சந்தைக்கும் போட்டுக் குடுக்கலாமே" என்றார். அதைத்தானே ஐயா நானும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

கிளம்பும்போது மெதுவாக ஒரு வார்த்தை சொன்னார். "வீட்ல வேற வருமானம் ஏதாவது இருந்தா அதையும் காட்டுங்கம்மா. ஃபைல் கொஞ்சம் கனமா இருந்தா தள்ளிவிட மாட்டாங்க."

அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வருமானமா, இருக்கிறதே! வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை. சம்பளச் சீட்டோடு விட்டிருக்கலாம். விடவில்லை. நாலு நாள் கம்பெனி மேனேஜர் பின்னால் அலைந்து ஒரு கடிதம் வாங்கினார். நம்பிக்கையான ஆள், ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை, இவரை இன்னும் பல வருஷம் வைத்துக்கொள்ளக் கம்பெனி விரும்புகிறது. கீழே இரண்டு முத்திரை. "நமக்குக் கல்யாணம் பேசறப்பகூட என்னைப் பத்தி யாரும் இவ்வளவு நல்லா சொல்லல" என்று போனில் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோய் ஃபைலில் முதல் பக்கமாக வைத்தேன். என்னைப்போல ஒரு புத்திசாலியை எங்கே போய்த் தேடுவது?

சாங்ஷன் ஆன மறுநாள் வங்கிக்குப் போனேன். லோன் சார் டீ வரவழைத்தார். பதினொரு மாதத்தில் அது முதல் டீ. கடிதத்தை நீட்டி, "படிச்சுப் பாத்துக்கங்க, எல்லாம் வழக்கமானதுதான்" என்றார்.

ஐந்தாவது நிபந்தனைக்கு வந்தேன். கடன் காலமான ஐந்து வருஷமும் கணவர் இப்போதைய வேலையில் தொடர வேண்டும். தவணை அவர் சம்பளத்திலிருந்து நேராகப் பிடிக்கப்படும். வேலையை விட்டால் மொத்தக் கடனையும் ஒரே தடவையில் திருப்பிக் கட்ட வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"சார், அவர் திரும்பி வரணும்னுதானே இந்த ரூம் கேக்கறேன்."

"தெரியும்மா."

"தெரிஞ்சா எதுக்கு இப்படி எழுதியிருக்கீங்க?"

"நான் எழுதல. கமிட்டி உங்க ரூமப் பாத்துக் குடுக்கல. அவர் சம்பளத்தப் பாத்துத்தான் குடுத்திருக்காங்க. அந்தக் கடிதம் ரொம்ப பலமா இருந்துச்சு."

"அப்ப அந்தக் காகிதத்த எடுத்துடுங்க."

அவர் என் முகத்தைப் பார்க்காமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடுத்தா ஒண்ணும் நிக்காதும்மா. ரெண்டு வருஷக் கணக்கத் தணிக்கை பண்ணிக் கொண்டாங்கன்னு திருப்பி அனுப்பிடுவாங்க. இந்த நிதியே இந்த மாசத்தோட முடியுது. அடுத்தது எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

வெளியே வரும்போது சுவரில் அந்தப் பெண் சோலார் விளக்கோடு சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். வெயிலுக்குக் கடன் கொடுக்கிறோம் என்று ஒட்டிவைத்திருக்கிறார்கள். வெயிலை நம்பி ஒரு காசு கொடுக்கவில்லை. ஒரு மனுஷன் வீட்டுக்கு வராமல் இருப்பான் என்பதை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

அவருடைய சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பின்னால் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் அதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போவது தெரிந்தது.

"அஞ்சு வருஷமா?" என்றார்.

"அஞ்சு வருஷம்."

"நீ என்ன சொல்றே?"

"நீங்கதான் சொல்லணும்."

"எனக்கென்ன, எங்க இருந்தா என்ன? உனக்குத்தான் அங்க தனியாக் கஷ்டம்."

"எனக்கென்ன கஷ்டம்? பழகிடுச்சு."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மிஷின் மட்டும் பேசியது. பிறகு, "நாப்பது பேர் காத்துட்டிருக்காங்கன்னு சொன்னே இல்ல?" என்றார்.

"ஆமா. பாப்பாவும் பெரிய ஸ்கூலுக்குப் போகணும்."

"அப்ப கையெழுத்தப் போட்டுடலாமா?"

"போட்டுடலாம்."

"சரி."

"சரி."

எவ்வளவு மரியாதையாகப் பேசிக்கொண்டோம். வாசல் செருப்புக்குச் சண்டை போட்டவர்கள்தான் நாங்கள். போனை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகிறவளுக்கு அங்கே ஒரு வசதி. குளிரில் எல்லோருக்கும் மூக்கு சிவக்கும்.

தக்காளி அக்கா கண்டுபிடித்துவிட்டாள். என் முதல் வாடிக்கைக்காரி, தக்காளி விற்பதால் அந்தப் பெயர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அஞ்சு வருஷம் கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும்" என்றாள். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். "என் வீட்ல ஒண்ணு கட்டிலைத் தேய்ச்சுட்டுக் கெடக்கு. பேங்க்ல கேட்டுப் பாரு, அதக் கொண்டுபோய் எங்கயாவது அஞ்சு வருஷம் வச்சுக்குவாங்களான்னு. வட்டிகூட வேண்டாம்." சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், "ஆனா நான் வந்து கூப்பிட்டா எழுந்து கதவத் திறக்கும்" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் கூடைகளை அடுக்கினோம்.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. அவளுக்கு ஒன்பது வயது. மூன்று அறை வந்தால் அப்பா வருவார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். ஐந்தைக் கூட்டினால் பதினாலு. அந்த வயதில் வீட்டுக்குள் வந்து நிற்கிற ஒரு மனுஷரை அவள் என்ன செய்வாள் என்று யோசித்தேன். எழுந்து நின்று வணக்கம் சொல்வாளோ என்னவோ.

கணவரிடம் வங்கி நேரடியாகக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டுமாம், வீடியோவில். வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. லோன் சார் என்னை மேனேஜர் அறைக்குக் கூட்டிப் போனார். சுவரில் பெரிய திரை. "நீங்க இந்தப் பக்கமா உக்காந்துக்கங்க. கேமராவுல வரக்கூடாது, நடுவுல பேசவும் கூடாது. பதில் அவரா சொன்னதுன்னு இருக்கணும். சொன்னதும் நேரா தலைமை ஆபீசுக்குப் போயிடும்" என்றார்.

திரையில் அவர் வந்தார். ஏழு வருஷமாகப் போனில் அவரை உள்ளங்கை அளவுக்குத்தான் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்னைவிடப் பெரிதாக வந்தார். கம்பெனிச் சட்டையில், தலை வாரி, பள்ளிக்கூடத்துப் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. காதோரம் முழுக்க நரைத்திருந்தது. சின்னப் போனில் அது எனக்குத் தெரிந்ததே இல்லை. கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. வலது புருவத்தில் புதிதாக ஒரு தழும்பு. அதைப் பற்றி என்னிடம் அவர் சொல்லவே இல்லை. எழுந்து போய் அந்தப் புருவத்தைத் தொட வேண்டும் போலிருந்தது. கையை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

லோன் சார் அவரிடம் பெயர், வேலை, பாஸ்போர்ட் எண் எல்லாம் கேட்டார். அவர் டாண் டாணென்று பதில் சொன்னார். பிறகு லோன் சார் காகிதத்தைப் பார்த்துப் படித்தார்.

"கடன் முடியும்வரை, அதாவது அஞ்சு வருஷத்துக்கு, இந்த வேலையிலேயே தொடர உங்களுக்கு முழுச் சம்மதமா? ஆமாவா இல்லையான்னு சொல்லுங்க."

அவர் பதில் சொல்லவில்லை. தொண்டையைக் கனைத்தார். அறையின் ஓரத்தைப் பார்ப்பது போலக் கண்ணை நகர்த்தினார்.

"அவ அங்க இருக்காளா சார்?"

"இருக்காங்க. ஆனா பதில் நீங்கதான் சொல்லணும்."

நான்தான் ஆமா சொல்லச் சொன்னவள். போட்டுடலாம் என்று வாயால் சொன்னவள். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, இல்லைன்னு சொல்லுங்க, ஒரு தடவை இல்லைன்னு சொல்லுங்க, ஒரு அறையை வைத்துக்கொண்டு கஞ்சியோ கூழோ குடிக்கலாம், வந்துவிடுங்க என்று மனசுக்குள் கெஞ்சினேன். உதடு அசைந்திருக்கும். கேமராவில் நான் இல்லை.

"ஆமா" என்றார்.

லோன் சார் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிவிட்டு எழுந்தார். "முடிஞ்சுதும்மா. பத்திரத்த பிரிண்ட் எடுத்துட்டு வரேன். நீங்க பேசிட்டிருங்க" என்று வெளியே போனார். நான் லோன் சார் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். இப்போது என் வீட்டுக்காரருக்கு நான் தெரிந்தேன்.

"புருவத்துல என்ன?"

"குழாய் இடிச்சுது. ஒண்ணும் இல்ல. நீ ஏன் இப்படி எளச்சுப் போயிருக்கே?"

"பெரிய திரைல பாத்தா அப்படித்தான் தெரியும்."

"பெரிய திரைல பாக்கறது நீ. நான் போன்லதான் பாக்கறேன்."

 சொல்லக்கூடாது என்று நினைத்திருந்தேன். வாய் கேட்கவில்லை.

"நீங்க இல்லன்னு சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன்" என்றேன்.

அவர் முகம் மாறியது. இவ்வளவு பெரிதாக அவர் முகம் மாறி நான் பார்த்ததில்லை.

"நீ வேண்டாம்னு சொல்லுவேன்னுதானே நான் அவ்வளவு நேரம் பேசாம இருந்தேன்" என்றார். "அன்னிக்கு போன்லயும் அதுக்குத்தான் காத்துட்டிருந்தேன். போட்டுடலாம்னு நீதானே சொன்னே?"

"நீங்கதான் மொதல்ல கேட்டீங்க, போட்டுடலாமான்னு."

"வேண்டாம்னு நீ சொல்லட்டும்னுதான் கேட்டேன்."

சண்டை போடுகிற மாதிரியே இருந்தது. ஏழு வருஷத்தில் அப்படி நாங்கள் பேசிக்கொண்டது அந்த இருபது நாளில் மட்டும்தான். அவர் கண் நிறைந்துவிட்டது. அங்கே யாரோ கடந்து போக, சட்டென்று சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

லோன் சார் பத்திரங்களோடு உள்ளே வந்தார். மிஷினிலிருந்து எடுத்த காகிதம் இன்னும் சூடாக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தார்.

"சார், அந்தக் கேள்விய இன்னொரு தடவ கேக்க முடியுமா?" என்றேன்.

"எந்தக் கேள்விம்மா?"

"வேலைல தொடருவீங்களான்னு கேட்டீங்களே."

அவருக்கு என் கவலை புரிந்துவிட்டது. புரிந்ததாக நினைத்துக்கொண்டார். பாவம், நல்ல மனுஷர். ஹெட்போனைக் காதில் வைத்து, கம்ப்யூட்டரில் எதையோ தட்டி, தலையை ஆட்டியபடி பதிவைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கவலையே படாதீங்கம்மா. சார் ஆமான்னு சொன்னது ரொம்பத் தெளிவா பதிவாயிருக்கு" என்று பேனாவை நீட்டினார்.